பதினொன்று இருபது

தார்த்து நகரில் பனிக்காலம்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்; எங்களுக்கு அது போதாது.
ஒளிந்திருப்பதை ஒளியிடம் கேட்கிற தொழில்,
நிலவறையில் இன்னும் கெட்டியான இருட்டு வேண்டும்.
கதவிடுக்கில் கறுப்புத் துணி திணித்தோம்.
குளிர்பெட்டியின் பச்சைப் பொட்டு விளக்கில்
நாடா ஒட்டினோம்.
தாவெத் கைக்கடிகாரத்தைக் கழற்றி
ஒரு காலுறைக்குள் போட்டான்.

கண்ணாடித் தட்டில் உயிரணுக்கள்.
போன வாரம் பிறந்த
ஏதோ ஒரு குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து
கழுவி எடுத்தவை.
அதற்கு இந்நேரம் பெயர் வைத்திருப்பார்கள்.
எங்கள் தட்டில் பதினேழு, பி.

நாங்கள் தேடுவது ஒரு வாயு.
நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று,
அவ்வளவுதான் உடம்பு.
சில வினாடிதான் ஆயுள்.
ரத்தக்குழாயின் உட்சுவர்
பக்கத்துத் தசைக்கு அதை அனுப்புகிறது.
செய்தி ஒரே சொல்: தளர்.
சொல்லி முடித்ததும்
சொன்னது இல்லை.

நீலக் கதிர் இறங்கும்.
உள்ளே ஊறிய சாயம்
வாயு பட்ட இடத்தில் பச்சையாகப் பதில் தரும்,
ஐந்நூற்றுப் பதினைந்து நானோமீட்டரில்.
திரையில் ஒரு மேடு எழ வேண்டும்,
மணல்மேடு மாதிரி, சரிவாக, அவசரமில்லாமல்.

வந்ததோ ஊசி.
ஐந்நூற்று நாற்பத்தாறில், நட்டுவைத்தாற்போல்,
திங்கள் இரவு பதினொன்று இருபதுக்கு.
செவ்வாயும். புதனும்.
உயிரணுவுக்கு மணி பார்க்கத் தெரியுமா?
தெரியும் என்று நம்ப ஆசையாக இருந்தது.
குறிப்பேட்டில் அதற்கொரு பெயர்கூட எழுதினேன்.
என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன்.
தாவெத் மட்டும் முணுமுணுத்தான்:
"தண்ணீரில் கிடக்கிற எதுவும்
இவ்வளவு ஒல்லியாக ஒளிராது."

வியாழன், பதினொன்று பத்தொன்பது.
கதவைத் திறந்தேன்.
நடைவழியில் துப்புரவுப் பணியாளர் ஸினாயிதா,
வாளி, ஈரத் துடைப்பம்,
சுவிட்சில் விரல்.
தலைக்கு மேல் பழைய குழல்விளக்கு
இரண்டு முறை இமைத்து எரிந்தது.
பாதரசம்.
என் கண்டுபிடிப்பு
கதவுக்கடியில் நூலளவு இடுக்கில்
மூன்று நாளாக நுழைந்துகொண்டிருந்தது.

"உள்ளே என்ன வளர்க்கிறீர்கள்?" என்றாள்.
அரைகுறை ரஷ்ய மொழியில் சொன்னேன்,
வாயுவை, சாயத்தை, அந்த ஒரு சொல்லை.
"சரி, பிடித்துவிட்டால்?"

பிடித்துவிட்டால் அது போய்ச் சேராது.
சாயத்தில் சிக்கியது தசைக்கு இல்லை.
நாங்கள் படிக்கும் ஒவ்வொரு கடிதமும்
யாருக்கோ வராமல் போன கடிதம்.
இதை ரஷ்ய மொழியில் சொல்லத் தெரியவில்லை.
எங்கள் ஆய்வறிக்கையிலும்
எந்தப் பத்தியில் வைப்பது என்று தெரியாமல்
விட்டுவிட்டோம்.

அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து,
மேலங்கிப் பையைத் துழாவி
சின்னக் குப்பியிலிருந்து ஒரு மாத்திரை,
நாக்குக்கு அடியில்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
தாவெத் நாற்காலி கொண்டுவந்தான்.
குப்பியின் பெயர்ச்சீட்டை நான் படித்தேன்:
நைட்ரோகிளிசரின்.
ரத்தத்தில் அது என்னவாக உடையும் என்று
அந்தக் கட்டடத்தில் என்னைவிட
யாருக்கும் நன்றாகத் தெரியாது.
தெரிந்து என்ன,
கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நான்கு நிமிடம் இருக்கலாம்.
உதட்டில் நிறம் திரும்பியது.
கதிரில்லை, சாயமில்லை, திரையில்லை.
படிக்கப்படாமல்
போய்ச் சேர்ந்திருந்தது.

வெள்ளி இரவு ஊசி வரவில்லை.
நடைவழி விளக்கை அவள் போடவே இல்லை.
வாளியின் கைப்பிடியில்
சைக்கிள் பின்விளக்கைக் கட்டியிருந்தாள்.
கதவுக்கடியில் சிவப்பு
மெல்ல இந்தப் பக்கம், மெல்ல அந்தப் பக்கம்.
எங்கள் வடிகட்டி சிவப்பை உள்ளே விடாது.

தட்டில் ஹிஸ்டமின் ஒரு துளி விட்டேன்.
திரையில் மேடு எழுந்தது.
சிறியது.
நம்பலாமா என்று கேட்கும்படி சிறியது.
"மணி என்ன, குறித்துக்கொள்" என்றான் தாவெத்.
கடிகாரம் காலுறைக்குள் இருந்தது.
காலுறை எங்கே என்று
இருட்டில் இருவருக்கும் தெரியவில்லை.